மச்சினன் பிடித்த கயிறு

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க, எப்படி இருந்தாலும் தேன் இனிப்புதான், அது மாறப் போறதில்ல. நான் பொம்மி. எங்க ஊரு கீரிமட்டத்துல பசுவி குடிசைக்கும் என் குடிசைக்கும் நடுவுல ஒரே ஒரு பலாமரம். அவ அடுப்பு புகைஞ்சா என் கண்ணு எரியும். அதனால இந்தக் கதைய மலைக்குக் கீழ இருக்கறவங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னாலும், நான் சொல்றது கிட்டத்துல நின்னு பாத்தது.

எங்களுக்கு வயல் கிடையாது, வரப்பு கிடையாது, காடுதான் எல்லாம். பனிக்காலத்துல நெல்லிக்கா, வெயில் ஏற ஏற சீயக்காயும் பூந்திக்கொட்டையும், பாறை நனைஞ்சா கல்பாசி, மழைக்கு முன்ன தேன், இப்படி வருசம் ஒரு சுத்து சுத்தி வரும், நாங்களும் கூடையோட அது பின்னாலயே சுத்தி வருவோம். எடுத்தத எல்லாம் மூட்டை கட்டி வச்சா கீழ இருந்து தங்கவேலு ஜீப்புல வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவாரு. எல்லாத்துலயும் பெரிசு தேன்தான், அதுவும் தேன்பாறைத் தேன். நின்னு பாத்தா அடி தெரியாத பாறை. அதோட நெஞ்சுல ஆள் உசரத்துக்குத் தொங்கற கூடுங்க.

அந்தப் பாறையில இறங்கறவனுக்குக் கயிறு பிடிக்கற உரிமை ஒருத்தனுக்குத்தான், இறங்கறவன் பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனுக்கு. ஏன்னு கேட்டா எங்க ஆளுக சிரிப்பாங்க. தம்பிக்கு அண்ணன் பொண்டாட்டி மேல கண்ணு இருக்கலாம், கூட்டாளிக்குப் பழைய பகை இருக்கலாம், அப்பனுக்குக் கை நடுங்கலாம், ஆனா தங்கச்சியத் தாலி அறுக்க வைக்க எந்த அண்ணனும் கையத் தளத்த மாட்டான். அதனால எங்கள்ல பொண்ணு பாக்கப் போனா பொண்ணோட மூக்கு முழியெல்லாம் அப்பறம், முதல்ல அவ அண்ணன் தம்பிங்க தோளத்தான் பாப்பாங்க. பசுவிக்கு ஒரே அண்ணன், ஜடையன். அவன் தோளப் பாத்துத்தான் கெம்பன் பசுவியக் கட்டினான்னு ஊருக்கே தெரியும், கெம்பனே சொல்லிக்குவான்.

கெம்பன் வாய் ஓயாதவன். ஜடையன் வாயத் திறந்தா அன்னிக்கு மழை வரும்னு சொல்லுவோம். ரெண்டு பேரும் சேந்தா பாக்கறதுக்கு வேடிக்கையா இருக்கும். அன்னிக்குக் காலையில கூட இடுப்புல கயித்த முடிஞ்சுக்கிட்டே கெம்பன் சொன்னான், "மச்சா, நேத்து உன் தங்கச்சி வச்ச குழம்புக்கு நீ இன்னிக்குக் கயித்த விட்டாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன்." ஜடையன் கயித்த மணிக்கட்டுல சுத்திக்கிட்டே, "விட்டா அந்தக் குழம்ப நானில்ல திங்கணும்"னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம், பசுவியும் சிரிச்சா. அதுதான் கெம்பன் கடைசியாப் பேசி நாங்க கேட்டது.

இறங்கினான். தேன்பூச்சிகளுக்குப் பாடற பாட்டப் பாடிக்கிட்டே இறங்கினான், நாங்க வந்திருக்கோம், பாதி எடுப்போம், பாதி வைப்போம், கோவப்படாதீங்கன்னு. பாட்டு கீழ கீழ போயி, சின்னதா ஆயி, பாதியில நின்னுபோச்சு. பாறையில ஆள் இருக்கும்போது பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பூச்சி பேரக் கத்துக்கிட்டா விடாதுன்னு எங்க பெரியவங்க சொல்லி வச்சது. அதனால யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரத்துல தகரம் கட்டின சின்னக் கயிறு ஆடுச்சு. இழுத்தோம், தகரம் நிறையத் தேன் வந்துச்சு. இறக்கினோம், மறுபடி ஆடுச்சு, மறுபடி நிறைஞ்சு வந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு, என்னைத் தூக்குங்கன்னு மட்டும் பெரிய கயித்துல ஒரு சுண்டு கூட வரல.

கெம்பனோட தம்பி சுண்டன் எதிர்மேட்டுக்குச் சுத்தி ஓடிப் போயிப் பாத்துட்டு வந்தான். வந்தவன் உக்காந்து தண்ணி கேட்டான். குடிச்சுட்டுச் சொன்னான், "கயிறு தொங்குது. கூடு இருக்கு. பூச்சி இருக்கு. அண்ணன் இல்ல."

"கயிறு முறுக்கா நிக்குதேடா, ஆள் எடை இருக்கு கையில"ன்னான் ஜடையன்.

"நிக்குது. அதான் நானும் சொல்றேன். முறுக்கா நிக்குது, முனையில முடிச்சு வட்டமா இருக்கு, வட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்ல."

ஊரே சேந்து இழுத்துப் பாத்துச்சு, ஒரு விரல் அகலம் கூட மேல வரல. பாறைக்கு அடியில போயித் தேடினாங்க, ஒரு துணித்துண்டு கூட இல்ல. கயித்த மரத்துல கட்டிட்டு ஜடையன எழுப்பலாம்னு பாத்தோம், எங்க ஆளுக போட்ட முடிச்சு தானா அவுந்துச்சு, அப்படி அவுந்ததா எங்க வம்சத்துலயே கேள்விப்பட்டதில்ல. அப்பறம் என்ன செய்யறது, பொழுது இறங்கிருச்சு, புள்ளைங்களுக்குப் பசி. ஜடையன் பொண்டாட்டி சிக்கி மாசமா இருந்தா, அவ வயித்தத் தாங்கிக்கிட்டே களி கிண்டி எடுத்துட்டு வந்து புருசனுக்கு ஊட்டினா. அவனுக்கு ரெண்டு கையும் கயித்துல இருந்துச்சு.

அன்னியில இருந்து ஜடையன் பாறை மேலதான். மொதல்ல தலைக்கு மேல நாலு தழை போட்டோம், மழை பிடிச்சதும் மூங்கில் நட்டுக் கூரை போட்டோம், காத்து ஊசியாக் குத்துச்சுன்னு ஒரு பக்கம் தட்டி வச்சோம், அப்படியே அது ஒரு வீடு ஆயிருச்சு. கண்ணு தூங்கும், கை தூங்காது அவனுக்கு. மத்த விசயத்தையெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்க, சிக்கி பாத்துக்கிட்டா. காட்டிலாகா ஆளு ஒருத்தரு வந்து பாறை மேல கட்டடம் கட்டக் கூடாதுன்னு சத்தம் போட்டாரு, ஜடையன் பிடிச்சிருந்த கயிறு போற வழியே விளிம்பு வரைக்கும் நடந்து எட்டிப் பாத்துட்டு வந்தாரு, அப்பறம் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, தன் புள்ளைக்கு இருமலுக்கு ஒரு கரண்டி தேன் கேட்டாரு. ஓட்டுப் போட வந்தப்ப பெட்டியப் பாறைக்கே தூக்கிட்டு வந்தாங்க. ஜடையன் மூக்கால அமுக்கினான், கையக் குடுக்க முடியாதுன்னு கால் கட்டைவிரல்ல மை வச்சுட்டுப் போனாங்க. அதக் காட்டிக் காட்டிப் புள்ளைங்க ரொம்ப நாள் சிரிச்சுதுங்க.

மழை வந்துச்சு, பூச்சிங்க கூட்ட விட்டுட்டு வழக்கம்போல கிளம்பிப் போயிருச்சுங்க. பாறை மொட்டையா இருந்துச்சு, ஒரு கூடு இல்ல. ஆனா தகரத்த இறக்கினா ஆடும், இழுத்தா தேன். பூ இல்லாத மாசத்துல, மழை கொட்டற மாசத்துல, பனியில இலை கருகற மாசத்துல, எப்ப இறக்கினாலும் தேன். தங்கவேலு முதல்ல மோந்து பாத்தாரு, நக்கிப் பாத்தாரு, தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தாரு, அப்பறம் ஒண்ணும் கேக்கல. ஜீப்பு போயி லாரி வந்துச்சு. எங்க கூரையில தகடு ஏறிச்சு, புள்ளைங்க காலுல செருப்பு ஏறிச்சு, கல்யாணமெல்லாம் கல்யாணம் மாதிரி நடந்துச்சு. யாரும் கூடைய எடுக்கல. நெல்லிக்கா உதிந்து உதிந்து மானுக்கும் மண்ணுக்கும் போச்சு, சீயக்கா கொடியிலேயே வெடிச்சுச்சு. ஏன்னு கேட்டா, அதான் கெம்பன் இருக்கானேன்னு சொல்லிக்குவோம், அவன் என்னமோ பக்கத்து ஊருக்குக் கூலிக்குப் போயி மாசாமாசம் பணம் அனுப்பறவன் மாதிரி. இதையெல்லாம் வெக்கப்பட்டுத்தான் சொல்றேன், ஆனா சோறு சோறுதானே, தின்னோம்.

பசுவி மட்டும் அந்தத் தேனத் தொடல. ஒரு நாள் நான் கேட்டேன், ஏண்டி, உன் புருசன் குடுத்தது, நாக்குல வச்சா என்னன்னு. "அவரு குடுக்கறாரா, நாம பிடுங்கிக்கறமான்னு தெரியாம எப்படிக்கா வாயில வைக்கறது"ன்னா.

அவ தினமும் போவா. பாறை விளிம்புல அண்ணனுக்குப் பக்கத்துல குப்புறப் படுத்துக்கிட்டுக் கீழ பாத்துப் பேசுவா, ஆடு குட்டி போட்டது, ஓடை எந்தப் பக்கம் உடைஞ்சது, சுண்டன் பொண்ணு பாக்கப் போயி அடி வாங்கினதுன்னு ஒண்ணு விடாம. பதில் வராது. தாலிப் பொட்டும் பாசிமணியும் கழுத்துல அப்படியே இருந்துச்சு. ஊருப் பொம்பளைங்களுக்கு அது ஒரு பேச்சு, இவள என்னன்னு கூப்பிடறது, பூ வைக்கற காரியத்துக்குக் கூப்பிடலாமா, கூடாதான்னு. ஊருக்குத் தலைவரு மூப்பன், அவரு கிட்டப் போனாங்க. கயித்துல எடை இருக்கற வரைக்கும் அவ கட்டுக்கழுத்திதான்னு மூப்பன் சொல்லிட்டாரு, அதோட அந்தப் பேச்சு அடங்கிச்சு. அதாவது அவ கழுத்துல இருந்த பாசி அவ அண்ணன் உள்ளங்கையில இருந்துச்சு, அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சிக்கிக்குப் பொண்ணு பொறந்துச்சு, மாதின்னு பேரு வச்சாங்க. புள்ளையக் கொண்டு போயி அப்பன் மடியில வச்சப்ப ஜடையன் குனிஞ்சு கன்னத்தாலதான் தடவினான். புள்ள அங்கயே தவழ்ந்துச்சு, விளிம்புக்குப் போயிராம இடுப்புல துணி கட்டி மூங்கில்ல முடிஞ்சு விட்டுத்தான் நடக்கப் பழக்கினாங்க. நல்லா ஓடற வயசு வந்ததும் மத்தப் புள்ளைங்க அப்பன் தோளுல ஏறிப் போறதப் பாத்துட்டு வந்து, "அப்பா, தூக்கு"ன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அவன் முன்னால நிக்கும். நின்னு பாத்துட்டு, கையக் கீழ போட்டுட்டு, விளையாடப் போயிரும். அழாது. அழுதிருந்தாலும் தேவலன்னு இருக்கும் எனக்கு.

ஒரு பனிக்காலம் ஜடையனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. உடம்பு கொதிக்குது, பல்லு கடகடன்னு ஆடுது. கீழ இருந்து வந்த நர்ஸ் ஊசி போட்டுட்டு, இப்படியே போனா தாங்காதும்மான்னு சிக்கி கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. சுண்டனுக்கு மனசு கேக்கல, முறையாவது மண்ணாவது, ஒரு பொழுதுக்கு நான் பிடிக்கறேன்னு கயித்த வாங்கினான். வாங்கின நிமிசம் கயிறு ஓட ஆரம்பிச்சுருச்சு. அவன் உள்ளங்கைத் தோல உரிச்சுக்கிட்டு ஓடுச்சு, நாங்க கத்தறோம், பசுவி வாயப் பொத்திக்கிட்டு நிக்கறா. காய்ச்சலோட ஜடையன் தாவி விழுந்து பிடிச்சான், பிடிச்சதும் நின்னுச்சு. அதுக்கப்பறம் யாரும் பாரம் மாத்தறேன்னு கேக்கல. காய்ச்சல் விட்டுச்சு, இருமல் விடல. தோளப் பாத்துத்தானே பொண்ணு கட்டினாங்க, அந்தத் தோளுல எலும்பு தெரிஞ்சுச்சு. உள்ளங்கை ஆறும், வெடிக்கும், ஆறும், வெடிக்கும், கயித்துல அவன் பிடிச்ச இடம் கறுத்துப்போயி இருந்துச்சு.

ஒரு நாள் சிக்கி வந்து பசுவி வாசல்ல நின்னா. சண்டைக்காரி இல்ல அவ, குரல உசத்தக்கூட இல்ல. "பசுவி, உன் பாசிய என் புருசன் கையில கட்டி வச்சிருக்க. நான் கேக்க மாட்டேன். அவரும் கேக்க மாட்டாரு, உனக்கே தெரியும். நீயாப் பாத்துச் சொல்லு"ன்னுட்டுப் போயிட்டா.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், முன்னமே சொல்லியிருக்கணும். பாறையில இருந்து ஆள் மேல ஏறி வந்ததும் கயிறு பிடிச்சவன் தானாக் கயித்த விடக் கூடாது. இறங்கினவனோட பொண்டாட்டி மூங்கில் குழாயில வெந்நீர் கொண்டு வந்து, கூடப்பொறந்தவன் கை மேல ஊத்தி, "கை ஆறட்டும்"னு சொல்லணும். அவ சொன்னாத்தான் விடலாம். மத்த எல்லாருக்கும் அது ஆள் ஏறி வந்த சந்தோசத்துல சொல்ற சொல்லு. பசுவிக்கு மட்டும் அது வேற சொல்லா ஆயிருச்சு.

சிக்கி வந்துட்டுப் போனது எப்படியோ ஊருக்குத் தெரிஞ்சு, மூப்பன் வீட்டு முன்னால கூடிட்டாங்க. தங்கவேலும் லாரிய நிறுத்திட்டு வந்து ஓரமா நின்னாரு. மூப்பன் கெட்டவர் இல்ல, ஆனா அவரு பேரனுக்கும் அந்தத் தேன்லதான் படிப்பு. "அவசரப்படாத பசுவி. இந்தப் பூப்பருவம் போகட்டும். கெம்பன் தூக்கச் சொல்லி ஒரு நாள் சுண்டினான்னா? நாம விட்டப்பறம் சுண்டினான்னா?"ன்னாரு. அந்த ஒரு கேள்விதான் அத்தன வருசமா அவள அரிச்சுக்கிட்டு இருந்தது. ஒரு பக்கம் உசிரா இல்லையான்னு தெரியாத புருசன், இன்னொரு பக்கம் கண்ணு முன்னால கொஞ்சங்கொஞ்சமாப் போயிக்கிட்டிருக்கற அண்ணன். யாரு கிட்டயும் வரக் கூடாத கணக்கு அது, அவ கிட்ட வந்துச்சு.

ரெண்டு பொழுது போயி, விடிஞ்சும் விடியாத நேரம், அவ அடுப்புப் புகை என் கண்ணுல ஏறிச்சு. இவ்வளவு சீக்கிரமா எந்திரிக்க மாட்டாளேன்னு எட்டிப் பாத்தேன். மூங்கில் குழாய இடுப்புல அணைச்சுக்கிட்டுப் போறா, குழாய் வாயில இருந்து ஆவி வருது. நான் பின்னாலயே போனேன். தடுக்கறதுக்கா, கூட நிக்கறதுக்கான்னு எனக்கே தெரியல.

ஜடையன் அவள முதல்ல பாக்கல, குழாயத்தான் பாத்தான். "பசுவி, வேண்டாம். எடுத்துட்டுப் போ"ன்னான்.

"தண்ணி ஆறிப்போயிரும்ணா."

"ஆறட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் பிடிப்பேன். நீ கிழவி ஆகற வரைக்கும் பிடிப்பேன்."

"பிடிப்ப, தெரியும். எனக்கு இருந்தது ரெண்டு பேரு. ஒருத்தராவது வீட்டுக்கு வரணும்ணா."

குழாய வச்சுட்டு விளிம்புக்குப் போனா, குப்புறப் படுத்தா, கெம்பான்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா. புருசன் பேர எங்க பொம்பளைங்க சொல்றதில்ல, பாறையில ஆள் இருக்கும்போது யாருமே சொல்றதில்ல, ரெண்டையும் ஒரே மூச்சுல மீறினா. "கெம்பா, நான்தான். அண்ணனக் கூட்டிட்டுப் போறேன். அவர் மேல கோவப்படாத, விடச் சொன்னது நான். என் மேல கோவப்படு"ன்னா. கொஞ்ச நேரம் காத்திருந்தா. நானும் காத்திருந்தேன், சாமி சத்தியமா, அந்தக் கயிறு ஒரு தடவ சுண்டிரக் கூடாதான்னு. சுண்டல.

எந்திரிச்சு வந்து அண்ணன் கை மேல வெந்நீர ஊத்தினா. "கை ஆறட்டும்ணா"ன்னா. ஜடையன் கண்ணுல தண்ணி வழியுது, கை விரியல. விரிக்க மாட்டேன்னு இல்ல, அத்தன வருசம் மடிஞ்சே இருந்த விரல், விரிக்கறது மறந்துபோச்சு. பசுவி ஒவ்வொரு விரலாப் பிடிச்சு நிமித்தினா. புதுப் புண்ணுல இருந்து ரத்தம் அவ விரல் வழியா இறங்குது, வெந்நீர ஊத்தி ஊத்திக் கழுவிக்கிட்டே நிமித்தினா. கடைசி விரல் நிமிந்ததும் கயிறு போச்சு. போன வேகத்துல பாறை விளிம்புல படிஞ்ச பாசி கருகிப் புகை எந்திரிச்சுச்சு, கூரைக்கு நட்ட மூங்கில் ஒண்ணு பேத்துக்கிட்டுப் போச்சு. ஊர்ல இருந்து ஓடி வந்தவங்க எல்லாருமே அந்தப் புகையப் பாத்தாங்க. கீழ விழுந்த சத்தம் மட்டும் யாருக்கும் கேக்கல, ரொம்ப நேரம் காதக் குடுத்துக்கிட்டு நின்னோம்.

அப்பறம் நடந்தது எல்லாம் எங்கயும் நடக்கறதுதான். தகரம் காலியா வந்துச்சு. லாரி நின்னுச்சு. சாவு வீட்டுக்குப் போகாம இருக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, ஆனா பசுவி பாசிய அறுத்து வச்சுட்டு உக்காந்தப்ப பாதி ஊரு வரல. நல்லா இருந்த ஊரக் கெடுத்தவளாம்னு பேச்சு. பனி விழுந்ததும் வேற வழியில்லாம கூடையத் தேடி எடுத்துக்கிட்டு நெல்லிக்காய்க்குப் போனோம், பழக்கம் விட்ட இடுப்பு வலிச்சுச்சு, வலிக்கு அவளத் திட்டினோம்.

ஜடையன் வீட்டுக்கு வந்துட்டான். கை ரெண்டும் மறுபடி மடிஞ்சுபோச்சு, சோத்த எடுக்க வராது, கம்பு பிடிக்க வராது. மாதி மட்டும் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்கும், அவன் முழங்கையால அணைச்சுத் தூக்கிக்கிட்டு ஊரச் சுத்துவான். சாயங்காலம் ஆனா தங்கச்சி வீட்டுக்கு வந்துருவான், பசுவி ஊட்டி விடுவா.

அப்படி ஒரு சாயங்காலம் நானும் இருந்தேன், பூந்திக்கொட்டைய உரிச்சுக்கிட்டு. வாயில இருந்த களிய முழுங்கிட்டு ஜடையன் திடீர்னு பேசினான். "பசுவி, உன்கிட்ட ஒண்ணு சொல்லல. எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அந்தப் பனியிலயே கயித்துல எடை போயிருச்சு. லேசா ஆயிருச்சு. அதுக்கப்பறம் நான் வெறுங்கயித்தத்தான் பிடிச்சிருந்தேன். உனக்குச் சொல்ல மனசு வரல. நீ யாரையும் விடல, புரியுதா? நீ விட்டப்ப அதுல யாரும் இல்ல."

அவன் ஆயுசுல சேந்தாப்புல அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. பொய் சொல்லிப் பழகாதவன், அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னான். என் கை நின்னுபோச்சு. பாசி கருகின புகைய நான் பாத்தேன், பேந்துபோன மூங்கிலப் பாத்தேன். அந்தக் கையில புதுசாக் கசிஞ்ச ரத்தத்தக் கழுவினதே பசுவிதான்.

பசுவி அண்ணன் மொகத்தக் கொஞ்ச நேரம் பாத்தா. அவன் வாயோரத்துல ஒட்டியிருந்ததப் புறங்கையால துடைச்சு விட்டா. "அப்படியாண்ணா. இப்பவாவது சொன்னியே, மனசு ஆறிச்சு"ன்னுட்டு, அடுத்த உருண்டைய உருட்டி அவன் வாய்கிட்டக் கொண்டு போனா.